தவளை பேசாத காட்சி

அன்புள்ள உங்களுக்கு,

நம் அனிமேஷன் கதை நேற்றுக் காலை யூடியூபில் வெளியாகிவிட்டது. வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒன்பது பேர் ஆளுக்கொரு காட்சியாக வரைந்தோம்.

தவளைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நீங்கள் நம் சண்டைக்குப் பிறகு வானகரத்துக்குப் போய்விட்டீர்கள். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. இசையமைத்த சமீர், "வேற ஆளப் பேச வெச்சிக்கலாம்க்கா, இன்னா இப்போ?" என்று கேட்டான். எனக்கு மனம் வரவில்லை. வீடு திரும்பும் தவளை வாசலில் பேசாமல் நிற்பதாக மாற்றி வரைந்தேன்.

அது ஏன் பேசவில்லை என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள்.

நம் பெண் நிவேதிதா பார்த்துவிட்டு, "உள்ள கூப்ட்டா பேசும்மா" என்றாள்.

கூப்பிடுகிறேன். வாருங்கள்.

பட்டாபிராமிலிருந்து,
உங்களவள்