உங்களுக்கு ஒரு மணி நேரம், எனக்கு ஒரு மணி நேரம்

அக்கா,

இன்று அக்ரஹாரம் ஸ்டாப்பில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் நீலகிரித் தைல வாசனை அடித்தது. பக்கத்து சீட்டு அம்மா இடுப்பில் தடவிக்கொண்டு வந்திருப்பார் போல. "பையன் எங்கக்கா?" என்று கேட்க வாயைத் திறந்தே விட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மூக்குக்கு அதை யாரும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த சென்டரில், பெற்றோர் கூட்டம் ஒன்றில்தான் உங்களை முதலில் கவனித்தேன். மைக் பிடித்த மேடம், முதலில் உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் அழகாகப் பேசினார். நன்றாகத் தூங்குங்கள், தினமும் நடங்கள், கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்றார். நீங்கள் எழுந்தீர்கள். நெடுநெடுவென்று வளர்ந்த உங்கள் பையன் உங்கள் முந்தானையைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். "ஆவாக இவன்ன யாரு ஹிட்கோத்தாரே மேடம்?" என்று கேட்டீர்கள். அந்த நேரத்தில் இவனை யார் பிடித்துக்கொள்வார்கள்? மேடம் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, என் மகளிடம் நான் தமிழில் பேசுவதைக் கேட்டு அருகில் வந்தீர்கள். கொள்ளேகாலிலிருந்து வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்தவர், கணவர் இல்லை, இந்த ஒரே பிள்ளை. இவ்வளவையும் செருப்பு மாட்டுவதற்குள் சொல்லி முடித்தீர்கள். பிறகு, "அந்த மேடம் பதில் சொல்லாட்டிப் போகுது அம்மிணி. நீ ரெண்டையும் புடிச்சுக்க, நான் போயிட்டு வாரேன். அப்பறம் நான் புடிச்சுக்கறேன், நீ போ" என்றீர்கள்.

வியாழக்கிழமைதோறும் அப்படித்தான் நடந்தது. பயிற்சி முடிந்ததும் நம்மில் ஒருவர் வராந்தாவில் இரண்டு பிள்ளைகளோடும் உட்காருவது, இன்னொருவர் ஒரு மணி நேரம் வெளியே போய்வருவது. என் மகள் நனைத்துவிட்டால் நீங்களே துணி மாற்றிவிடுவீர்கள். வீட்டு வேலை எதுவும் செய்யக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். காய்கறிகூட வாங்கக் கூடாது. சட்டம் போட்டவரே ஒருநாள் முருங்கைக்காய் நுனி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வந்து நின்றதை நான் மறக்கவில்லை.

முதல் வாரம் எனக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. சர்க்கிளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். "அதுக்குள்ள ஏன் வந்தே?" என்று விரட்டினீர்கள். மறுவாரம் ஓட்டலில் போய் உட்கார்ந்து செட் தோசை வாங்கினேன். பேச்சுச் சத்தத்தில் மனம் எங்கோ போய்விட்டது. குனிந்து பார்த்தால், தோசை முழுவதையும் பொடிப்பொடியாகப் பிய்த்து, சாகுக் குருமாவில் ஊறவைத்துப் பிசைந்திருக்கிறேன். கையில் ஒரு வாய் எடுத்து ஊதிக்கொண்டும் இருக்கிறேன். "மகு எல்லி அம்மா?" என்று சர்வர் மேஜைக்கு அடியில் குழந்தையைத் தேடினார். இதைச் சொன்னபோது நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "நான் மட்டும் என்னவாம்? கல்யாண ஊட்டுல தனியா நின்னாக்கூட இவன மாதிரியே ஆடிக்கிட்டுத்தான் நிப்பேன்" என்றீர்கள். அன்று சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. மாதக்கணக்கில் உதிரப்போக்கு, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தீர்கள். மாதேஸ்வரன் மலை ஜாத்திரை முடியட்டும், தம்பி மகள் கல்யாணம் முடியட்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். உண்மையான காரணம் நம் இருவருக்கும் தெரியும். பையன் உங்கள் கையால் தவிர யார் கையாலும் சாப்பிட மாட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். என் மகளையும் அவளைத் தூக்கித் தூக்கி வளைந்த என் முதுகையும் பார்த்தீர்கள். "உன்னையவே ரெண்டு பேரு தூக்கோணும் போ" என்று சிரித்தீர்கள். மேலே வற்புறுத்த எனக்கு வழியில்லை. வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது, ஆபரேஷன் முடிந்து படுக்க வேண்டிய ஆறு வாரத்தை எப்படி மாற்றிக்கொள்வது? கடைசியில் உடம்பில் ரத்தமே இல்லையாம், இதயம் தாங்கவில்லையாம். உங்கள் தம்பிதான் போன் செய்து சொன்னார்.

போன மாதம் கொள்ளேகால் போய்ப் பையனைப் பார்த்தேன். தம்பி மனைவி நல்ல மாதிரி, குறை சொல்ல முடியாது. பையன் இளைத்திருக்கிறான். நான் சோறு பிசைந்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. "கோவமெல்லாம் இல்லீங்க. பசி தாங்காமப் போச்சுன்னா ரெண்டு வாய் வாங்கிக்குவான்" என்றார் அவர். உங்கள் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை அக்கா. அவன் அங்கே அப்படி உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு என்ன சாந்தி?

இப்போது என் கதை. எனக்குக் குடலிறக்கம் என்று மூன்று மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்குப் பிறகு மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாதாம். பதிமூன்று வயதுப் பெண்ணைக் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குத் தூக்குவது கனத்தில் சேருமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார்.

வீட்டில் இவர் இருக்கிறார். "நான் லீவ் போடறேன், பாத்துக்கலாம் விடு" என்றார். சொன்னதைச் செய்கிற மனுஷன். ஊட்டுவதற்கும் தூக்குவதற்கும் அவரால் முடியும். ஆனால் அவள் பெரிய மனுஷியாகி ஆறு மாதம் ஆகிறதே. இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு அந்த நாட்கள். சொல்லிக்கொடு, கற்றுக்கொள்கிறேன் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். பேச்சு வராத, கழுத்து நிற்காத, ஒன்றும் தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லும் என் மகள், இழுத்துக்கொள்ளும் அந்தக் கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள், அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதார்.

நர்ஸ் வைத்துப் பார்த்தோம், என் தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அதே சத்தம்தான். ஆபரேஷனுக்கு நாள் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்று டாக்டரும் அதையேதான் கேட்டார். இன்று காலையும் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டினேன், வயிறு இழுத்துப் பிடித்தது. பாவாடையைத் தொட்டுத் துணி மாற்ற இரண்டே பேரைத்தான் அவள் விட்டிருக்கிறாள், அக்கா. நான் ஒருத்தி. இன்னொருவர் நீங்கள்.