கூடை யாருக்கு

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். கொடிக்கம்பம் கூடத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை குழந்தைகள் தினம், மாறுவேடம். டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உள்ளே:

டாக்டர் கோட் 1 (பட்டன் தைக்கணும்)
போலீஸ் தொப்பி 2
வக்கீல் அங்கி 1 (பூச்சி அரித்தது)
தேயிலைக் கொழுந்துக் கூடை, சின்னது, 6

ஒன்றாம் வகுப்பில் சரியாகப் பத்துப் பேர். வருடா வருடம் நான்தான் பிரித்துக் கொடுப்பேன். பெட்டியை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தேன். யாருக்கு எது என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

தொண்டை கரகரப்பு. மிளகு வாங்க வேண்டும்.

நவ. 11, செவ்வாய்

மழை. பெட்டிக்கு அடியில் பழைய மாறுவேடப் போட்டோ. இருபது வருடம் இருக்கும். கோட் போட்டவன் குன்னூரில் லேப் டெக்னீஷியன். தொப்பி இரண்டில் ஒருவன் போலீஸ், இன்னொருவன் ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி. அங்கி, ஊட்டி கோர்ட்டில் குமாஸ்தா.

கூடை ஆறு பேர். ஜன்னலுக்கு எதிரே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஆறு பேரும். போட்டோவில் நிற்கிற அதே வரிசையில்.

தற்செயல்தான். ஆனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

நவ. 12, புதன்

என் வகுப்பு யாழினியின் அம்மா செல்வி வந்தாள். போட்டோவில் கூடைக்காரர்களில் இடமிருந்து மூன்றாவது. வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு அந்தக் கூடையை மட்டும் குடுத்துப்போடாதீங்க."

"வெறும் வேஷம்தானே செல்வி?"

"எனக்கும் அப்படித்தானுங்க சொன்னீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். பழகின சாமான், பிள்ளை பயப்படாது என்று நினைத்துத்தானே இத்தனை வருடமும் கொடுத்தேன்? வெட்கமாக இருக்கிறது. சத்தியமாகக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மிளகு மறந்துபோச்சு.

நவ. 13, வியாழன்

பனி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. டியூப் லைட் போட்டும் இருட்டு.

இந்தத் தடவை நான் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு. பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தேன். "யாருக்கு எது புடிக்குதோ எடுத்துக்குங்க." சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கோட்டுக்கு அடிபிடி நடக்கும், விலக்கிவிட வேண்டியிருக்கும் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. காலடி மட்டும்.

திரும்பினேன். வரிசையாக நிற்கிறார்கள். எஸ்டேட் கிளார்க் மகன், கோட். டிரைவரின் இரட்டைப் பையன்கள், தொப்பி. ஹெச்.எம். பேத்தி, அங்கி. தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் முதுகிலும் கூடை. திங்கட்கிழமை மனதுக்குள் பிரித்தது அப்படியே. ஒன்றுகூட மாறவில்லை.

யாழினி, கூடைக்காரர்களில் இடமிருந்து மூன்றாவது.

"ஏன் கண்ணு கூடையை எடுத்தே? நான் சொல்லவே இல்லையே?"

"திங்கக்கிழமையே சொல்லிட்டீங்க டீச்சர்."

"எப்ப சொன்னேன்?"

"எங்களைப் பாத்தீங்கல்ல."