எண்ணூர்க் காயலில் ஒரு மிதவைத்துறை

பீப்பாய்களுக்குத் தார் பூசுகிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறுகிறது. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். எண்ணூர்க் காயலில் மறுபடியும் ஒரு படகுத்துறை. மறுபடியும் நான்தான் ஓவர்சீர்.

முதல் துறைக்கு நான் ஆழம் பார்க்க வந்தபோது முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. காயல் ஏரிபோல அசையாமல் கிடந்தது. மூன்று வாரம் அளந்தேன். ஓர் அங்குலம்கூட மாறவில்லை. கம்பம் நட்டு, தண்ணீருக்குச் சற்று மேலே பலகை அடித்தால் போதும் என்று முடிவு கட்டினேன். நீ உன் படகில் உட்கார்ந்தபடி சிரித்தாய்.

"இன்னா ஓவர்சீரு, வூட்டுக்குப் படி கட்ற மாரி கட்டிகினு கீற? மழ பேஞ்சு மண்ணு ஒடைஞ்சா தண்ணி சர்ருனு கடலுக்குப் பூடும்பா. பீப்பா கட்டி மெதக்க வுடு. தண்ணி எறங்குனா அதுவும் கூடவே எறங்கும்."

"நீ துடுப்பைப் போடு, போதும்" என்றேன். நமக்கு ஒரே வயதுதான். படித்த திமிர் எனக்கு.

"சரி தோஸ்து, உன் இஷ்டம்" என்று கிளம்பிவிட்டாய்.

ஐப்பசி மழையில் மணல்திட்டு உடைந்தது. உப்பளத்துப் பெண்கள் எட்டுப் பேரோடு நீ துறைக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீர் ஓர் ஆள் உயரம் இறங்கிவிட்டது. ஒவ்வொருத்தியாக நீ தோளில் ஏற்றித் தள்ள, நான் பலகையில் குப்புறப் படுத்து இழுத்தேன். கடைசிப் பெண் மேலே வந்ததும் படகு கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாய். நானும் நீட்டினேன். எட்டவில்லை. ஒரு சாண் குறை. ஓட்டம் உன்னைக் கடலுக்கு இழுத்துப்போய்விட்டது. பலகை நான் குறித்த உயரத்தில்தான் இருந்தது.

இப்போது மிதவை என்றே எழுதிவிட்டேன். பயம் மட்டும் போகவில்லை. மிதவையைக் கட்டும் சங்கிலி குட்டையானால் வெள்ளம் ஏறும்போது மிதவையை உள்ளே இழுத்துவிடும். நீளமானால் ஓட்டத்தில் திரும்பிப் படகை நசுக்கும். கணக்கு சரியாக வருகிறது. அன்றும் சரியாகத்தான் வந்தது.

அடுத்த வாரம் மீனவர்கள் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டப்போகிறார்கள். அதற்குள் மிதவையை இறக்கிவிடுவேன். தண்ணீர் வடிந்து நிற்கும்வரை யாரையும் அதில் ஏறவிட மாட்டேன். மேலதிகாரி கத்துகிறார், கத்தட்டும். நான் மட்டும் நிற்பேன். "நீச்சல் தெரியாதவன் தண்ணிக்கு இன்னாத்துக்குப் படம் போடற?" என்று கேட்டாயே, இன்னும் தெரியாதுதான். பயமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. பயமில்லாமல் நான் அளந்தது அந்த ஒரு தடவைதான்.