நீ 'கட்' சொல்லாத காட்சி

இன்று காலை சென்ட் லோரன்ட் தெருவில் காருக்குப் பெற்றோல் அடிக்கும்போது கையுறையில் கொஞ்சம் சிந்திவிட்டது. அந்த மணத்தோடு நீயும் நினைவில் வந்துவிட்டாய். நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹொலிவூட்டில் அதிரடிப் படங்களை இயக்கித் தயாரித்த எங்கள் ஆள் என்று சனம் இன்னும் உன்னைப் புகழ்ந்து முடிக்கவில்லை. எரியும் காரை நோக்கி முதலில் ஓடியவன் நீதானாம். நீ பரப்பிவிட்டுப் போன பொய்.

கோட்-டெ-நெய்ஜில் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். கலியாண வீடுகளில் வீடியோ எடுத்த காலத்திலேயே, தாலி கட்டும் நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாயைத் தள்ளிவிட்டுக் கமராவுக்கு இடம் பிடிப்பாய். "கடைசியில ஷொட்தான்ரா மிஞ்சும்" என்பாய். கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

உன் முதல் படத்துக்காக, பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளை மறைத்து ஒரு பழைய ஆலைத் தெருவை நியூயோர்க் ஆக்கினோம். நான் கமராவில் நின்றேன். கார் ஓட்ட வந்தவர் ரவியண்ணை. தெருவைக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"தம்பி, கீழ ஐஸ் கிடக்கு. அது கரைய உப்புப் போட்டிட்டுப் பேந்து ஓடுறன்."

"வெளிச்சம் போயிடும் அண்ணை. ஓடுங்கோ."

கார் வழுக்கிச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. எல்லோரும் உன் வாயைப் பார்த்தார்கள். நீ 'கட்' சொல்லவில்லை. "விடாதை, எடு" என்றாய். ஓடிக்கொண்டிருந்த கமராவை அப்படியே விட்டுவிட்டு நான் காரை நோக்கி ஓடினேன். ரவியண்ணையை வெளியே இழுத்துப் போட்டபோது பின்னால் உன் குரல் கேட்டது: "கமராவுக்கு முன்னால வந்து ஷொட்டைக் கெடுத்துப்போட்டியே!"

நான் தெரிவதற்கு முன்னால் காட்சியை வெட்டினாய். அதுதான் உன்னை ஹொலிவூட்டுக்குக் கொண்டுபோனது. படத்துக்குப் படம் வெடி பெருத்தது. பாலங்கள் இடிந்தன, விமானங்கள் விழுந்தன. பிறகு தயாரிப்பாளராகி மற்றவர்களை வைத்து இடிப்பித்தாய். உன் படங்களில் செத்தவனுக்காக யாரும் நின்று அழுததில்லை. பேட்டிகளில் நீதான் அழுதாய்: "நான்தான் ஓடிப்போய் இழுத்தனான்." ரவியண்ணையை ஆஸ்பத்திரியில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவன்!

போன ஞாயிறு உனக்கு அஞ்சலிக் கூட்டம். பழைய நண்பன் என்று என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். தலைவர் மைக்கை வாங்கப் பார்த்தார். அப்போது பின்வரிசையில் ரவியண்ணை எழுந்தார்.

"ஓம், இவர்தான் என்னை இழுத்தவர். செத்தவர் பார்த்துக்கொண்டு நிண்டவர்."

யாரோ உன் புகைப்படத்துக்கு முன்னால் ஆடிய விளக்கைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்கள்.

வாசலில் ரவியண்ணையின் குளிர்கோட்டுப் பொத்தான்களை நான்தான் பூட்டிவிட்டேன். அன்று வெந்த விரல்கள் அவருக்கு இன்றுவரை மடங்குவதில்லை. "செத்தவனோட என்ன கோவம், விடு தம்பி" என்றார்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. நீ விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பது இந்த வெறுப்பு ஒன்றுதான். அதைப் பத்திரமாகவே வைத்திருக்கிறேன்.