பன்னிரண்டாவது பெயர்

பிப்ரவரி 9, வியாழன்

காலையில் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இரண்டு முறை கழற்றி மாட்டியும் சொட்டுவது நிற்கவில்லை. மூன்றாம் முறை நின்றது. நம்பிக்கை வராமல் பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். "குழாயையே மொறைச்சுப் பார்த்தா அது பயந்து நின்னுடுமா?" என்றாள் மனைவி.

மாலையில் மகள் பால் ஆலை ஆய்வகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கைப்பேசியை நீட்டினாள். குடிநீர் வாரியத்தின் தேர்வுப் பட்டியல். நீர்ப் பரிசோதனை உதவியாளர், இருபது இடங்கள். பன்னிரண்டாவது பெயர் அவளுடையது. பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் விண்ணப்ப நகலோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. மறுபடியும் ஒப்பிட்டேன்.

"இன்னைக்காவது கொஞ்சம் சிரிங்களேன்" என்றாள் மனைவி. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

முப்பத்தோரு வருடம் நான் வேலை பார்த்த வாரியம். புதிதாகச் சேருபவர்களின் காகிதங்களைச் சரிபார்க்கும் பிரிவில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். வயது வரம்பு முப்பத்தைந்து. மகளுக்கு ஆகஸ்டில் அது முடிகிறது. கடைசி வாய்ப்பு. தப்பவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

பால் ஆலையில் வேலையை விடுவதென்றால் மூன்று மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போதே கொடுத்துவிடு என்றேன்.

"ஆர்டர் கையில வரட்டுமேப்பா. அப்புறம் குடுக்கறேன்."

விளக்கிச் சொன்னேன். ஆணை வந்தால் பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். பழைய இடத்தில் விடுவித்த கடிதம் இல்லாமல் வருபவரை வாரியம் சேர்த்துக்கொள்ளாது. அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவனே நான்தான். ஒருவர் பெட்டி படுக்கையோடு வந்து நின்றார். கடிதம் மட்டும் இல்லை. பதினைந்தாம் நாள் தாண்டியது, ஆணை ரத்தானது. அந்தக் குறிப்பை எழுதியதும் என் கைதான். என் மகள் அப்படி நிற்கக் கூடாது.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நீங்க பார்த்த வேலை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

விலகல் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். முதல் வரைவில் ஒரு அடித்தல் இருந்ததால் இன்னொரு தாளில் திருப்பி எழுதினேன்.

மே 15, திங்கள்

பால் ஆலையில் மகளை விடுவித்துவிட்டார்கள். பதினொரு வருட வேலை. கூட வேலை செய்தவர்கள் ஒரு மேசை விளக்கு கொடுத்திருக்கிறார்கள். மேலாளர் சொன்னாராம்: "வாரியத்துக்குப் போனதும் முதல் வேலையா எங்க பால்ல எவ்வளவு தண்ணின்னு பார்த்துடாதம்மா." இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தாள்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். தேதி, முத்திரை, கையெழுத்து மூன்றும் உண்டு. மூன்று நகல் எடுத்தேன்.

ஜூன் 2

முதல் பதினொரு பேருக்கு ஆணை போய்விட்டது. பதினொன்று! ஒன்று தள்ளி நின்றிருக்கிறோம்.

தவணை தவணையாகத்தான் போடுவார்கள், நிதிப் பிரிவுக்குக் கோப்பு போய்த் திரும்ப வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அது உண்மைதான். என் காலத்தில் அப்படித்தான் நடந்தது.

ஜூன் 30

தபால் இல்லை.

ஜூலை 24, திங்கள்

வாரியத்துக்குப் போனேன். ஓய்வு பெற்றபின் இதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு உள்பக்கம் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அது இத்தனை உயரம் என்று அங்கிருந்து தெரிந்ததே இல்லை. எட்டித்தான் பேச வேண்டியிருந்தது. "பெரியவரே, வரும்போது வரும்" என்றாள் ஜன்னலுக்குள் இருந்த பெண். நானும் இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பேன். இதைவிட மென்மையாகச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

மாடிப்படியருகே 'சுருக்கெழுத்து'வைப் பார்த்தேன். நான் இருந்தபோது சுருக்கெழுத்தராகச் சேர்ந்தவன். பேச்சையும் அப்படியே சுருக்கிவிடுவான் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"அண்ணே, மீதி ஒம்பது, கெடப்பு. வெளிக் கம்பெனிக்குப் பரிசோதனை. பேச்சு ஓடுது."

"பட்டியலுக்கு ஒரு வருஷம் உயிர் இருக்கேப்பா?"

"இருக்கு. மூச்சு மட்டும் விடுது. ஒரு மனு குடுங்கண்ணே. கைல ஒரு பதிவாவது இருக்கட்டும்."

மனு என் சட்டைப் பையிலேயே இருந்தது, இரண்டு நாள் முன்பே எழுதி வைத்தது. ஜன்னல் வரை மறுபடி போனேன். கொடுக்கவில்லை. மனு கொடுப்பவர்களைப் பற்றி உள்ளே என்ன பேசுவோம் என்பது எனக்குத் தெரியும். "தொல்லை பிடித்த கேஸ்" என்போம். கோப்பு அடியில் போய்விடும். அவள் பெயருக்கு அந்தக் கறை வேண்டாம் என்று தோன்றியது.

அப்படியா? பயம்தானே அது?

வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

மகளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. யாரும் வயதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 6

மகள் பால் ஆலைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மனைவிதான் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அந்த இடத்தில் ஆள் போட்டுவிட்டார்களாம். மேலாளர் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்பியிருக்கிறார். "டீ குடிச்சேம்மா, நல்லா இருந்துச்சு" என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆர்டர் வரட்டும் என்று அவள் சொன்னாளே. சொன்னாளே!

அக்டோபர் 17, செவ்வாய்

வக்கீலிடம் போனோம். மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். நாற்காலிகளில் எல்லாம் கட்டுக்கட்டாகக் காகிதம். ஒரு கட்டைத் தூக்கித் தரையில் வைத்து எனக்கு இடம் கொடுத்தார்.

"செலக்ட் ஆனா வேலை குடுத்தே ஆகணும்னு சட்டத்துல உரிமை இருக்கா மேடம்?" மகள் நேராகக் கேட்டாள்.

"முழு உரிமை இல்லம்மா. பட்டியல்ல பேர் வந்தா, உங்களைப் பரிசீலிக்கணும், அவ்வளவுதான். இடம் காலியா இருந்தாலும் நிரப்பித்தான் தீரணும்னு இல்ல."

"அப்ப அவங்க இஷ்டமா?"

"அதுவும் இல்ல. உங்களுக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டு உங்களை விட்டா தப்பு. காரணமே சொல்லாம நிறுத்தினாலும் தப்பு. நியாயமான காரணம் சொல்லிட்டாங்கன்னா, கோர்ட் பெரும்பாலும் தலையிடாது. நாம புடிக்கவேண்டியது அந்தக் காரணத்தைத்தான்."

பிறகு கேட்டார்: "வாரியத்துக்கு மனு ஏதாவது குடுத்தீங்களா?"

மகள் இல்லை என்று தலையசைக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "எழுதினேன். குடுக்கல."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். வக்கீல் பேனாவை மூடித் திறந்தார். "சரி, இப்ப குடுப்போம்" என்றார்.

நவம்பர் 8

நீதிமன்றத்தில் போடும் மனுவின் வரைவு வந்தது. பிழை பார்க்கச் சொல்லி மகள் என்னிடம் கொடுத்தாள். பழக்கம்.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அடித்திருந்தாலும் படிக்க முடிந்தது: 'மனுதாரர், வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற தம் தந்தையின் அறிவுரையின் பேரில், முந்தைய பணியிலிருந்து விலகினார்.' ஓரத்தில் மகளின் கையெழுத்தில்: 'அப்பா வேண்டாம். நானே எடுத்த முடிவு என்று போடவும்.'

மற்ற பக்கங்களில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஜனவரி 11, வியாழன்

வாரியத்தின் பதில் மனு கிடைத்தது. பன்னிரண்டு பக்கம். நீர்ப் பரிசோதனையை வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பதென்று கொள்கை முடிவு எடுக்கப்பட்டதாம். ஆகவே மீதி ஒன்பது இடங்களுக்குத் தேவை இல்லையாம். பட்டியலில் அவளுக்குக் கீழே உள்ள எவருக்கும் ஆணை தரவில்லையாம். அதுவும் உண்மையே.

ஒன்பதாம் பக்கத்தில் விளம்பர அறிவிப்பின் நிபந்தனை ஒன்றை மேற்கோள் காட்டியிருந்தார்கள்:

'பட்டியலில் பெயர் இடம்பெறுவதனால் மட்டுமே எவருக்கும் நியமனம் கோரும் உரிமை உண்டாகாது. காலியிடங்களை முழுதாகவோ பகுதியாகவோ நிரப்பாமல் விடும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு.'

மறுபடியும் படித்தேன். இது என் வாக்கியம்.

இருபத்தாறு வருடம் முன்பு. பழைய நிபந்தனையில் ஓட்டை இருக்கிறது, வழக்குப் போடுகிறார்கள், இறுக்கமாக ஒன்று எழுதுங்கள் என்றார் அப்போதைய செயலாளர். மூன்று நாள் எழுதினேன். 'முழுதாகவோ பகுதியாகவோ' என்பதை நான்தான் சேர்த்தேன். அவர் படித்துவிட்டு, "இதுல நூல் நுழையவும் இடமில்லையே!" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

மகள் விண்ணப்பிக்கும் முன் அந்த அறிவிப்பை நான் மூன்று முறை படித்தேன். நிபந்தனைகள் உட்பட. கல்வித் தகுதி, வயது, தேதிகள் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். இந்த வரியைக் கடக்கும்போது கண் நிற்கவே இல்லை. எப்போதும் அங்கே இருக்கும் வரி என்று கடந்துவிட்டேன். எழுதியவனுக்கே அது தன் மகளுக்கும் சேர்த்துத்தான் என்று உறைக்கவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

மகளிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் ஆயிற்று வாய் வர. ஒன்பதாம் பக்கத்தை விரித்துக் காட்டி, "இது நான் எழுதினதும்மா" என்றேன்.

நிதானமாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கப்பா. ஓட்டையே இல்ல."

எழுந்து போய் மொட்டை மாடியில் துணி எடுத்தாள். நான் பின்னால் போய்க் கிளிப்புகளை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 8

இன்றோடு பட்டியலின் ஒரு வருடம் முடிகிறது. வழக்கு நடப்பதால் இவள் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும் என்றார் வக்கீல்.

ஏப்ரல் 3, புதன்

நீதிமன்றம். எங்கள் வழக்கு இருபத்தேழாவது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நீதிபதி வயதானவர், தணிந்த குரல். வாரியத்து வக்கீலை நிறையவே கேட்டார். இருபது இடம் என்று விளம்பரம் செய்துவிட்டுப் பாதியில் கொள்கையை மாற்றுவது ஏன்? எப்போது முடிவெடுத்தீர்கள்? கோப்பைக் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள். தேதி, குறிப்பு, ஒப்புதல் எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் பிரிவில் வளர்ந்தவர்கள். கோப்பில் தப்பு இருக்காது.

பிறகு எங்கள் வக்கீலிடம்: "நியமன ஆணை வராமலே உங்கள் கட்சிக்காரர் ஏன் இருந்த வேலையை விட்டார்?"

"வந்துவிடும் என்ற நம்பிக்கையில், ஐயா."

"யார் கொடுத்த நம்பிக்கை?"

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். எழுந்து நின்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழவில்லை. மகள் முன் வரிசையில் இருந்தாள், திரும்பவில்லை. வக்கீல் சொன்னார்: "அவர் தாமாக எடுத்த முடிவு, ஐயா."

தள்ளுபடி. தேர்வானவருக்கு நியமன உரிமை இல்லை; வாரியத்தின் முடிவு தன்னிச்சையானது என்று சொல்ல ஆதாரமும் இல்லை. வருங்காலத்தில் இப்பதவிக்கு ஆள் எடுத்தால், மனுதாரருக்கு வயது வரம்பைத் தளர்த்துவதை வாரியம் பரிவுடன் பரிசீலிக்கலாம். பரிசீலிக்கலாம். 'வேண்டும்' இல்லை, 'லாம்'. அந்த எழுத்தின் எடை எனக்குத் தெரியும்.

வெளியே படிக்கட்டில் வக்கீல் மகளின் தோளைத் தொட்டு, "மேல போகலாம், ஆனா நான் ஆசை காட்ட மாட்டேன்" என்றார். "போதும் மேடம்" என்றாள் மகள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. உட்காரலாமா என்று யோசிப்பதற்குள் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 29

அந்தப் பதவி இனி இல்லை. ஒழித்துவிட்டார்கள். சுருக்கெழுத்து போன் செய்தான். "பதவி காலி அண்ணே. காலின்னா காலியிடம் இல்ல, பதவியே." நகைச்சுவையாகத்தான் சொன்னான்.

மே 21

தூக்கம் சரியில்லை. மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். மகள் காலையில் வெளியே போகிறாள், மதியம் வருகிறாள். நூலகம் என்கிறாள்.

ஜூன் 20, வியாழன்

மகள் வேலைக்குப் போகிறாள். ஒரு வாரமாகப் போகிறாள். இன்று அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது சட்டையின் முதுகில் அச்சடித்த பெயரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. வாரியம் பரிசோதனையைக் கொடுத்திருக்கிறதே, அந்த நிறுவனம். தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வர வேண்டும். ஆய்வகத்துக்குள் வேறு ஆட்கள்.

"ஆர்டர் குடுத்தாங்களாம்மா?" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"இல்லப்பா. வரச் சொன்னாங்க, போறேன்."

"நாளைக்கு வேண்டாம்னு சொன்னா?"

"போகமாட்டேன்."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க யோசிப்பீங்கப்பா. அதுக்குள்ள இதுவும் போயிடும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் போலிருக்கிறது.

வேலை நேரம் எத்தனை, விடுப்பு உண்டா, அடிபட்டால் யார் பொறுப்பு, எதையாவது எழுதி வாங்கினாளா — கேட்க வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாக நாக்கு வரை வந்தன. வாசல் வரை கூடப் போனேன். அவள் செருப்பு மாட்டும்வரை நின்றேன்.

"பார்த்துப் போம்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள்.