அப்பா கண்விழிக்கமாட்டார்

திருத்தணி,
ஆகஸ்ட் 1999

அன்புள்ள பார்கவிக்கு,

வரலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் ஹரீஷும் சுகம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இப்போதுதான் குறைந்தது. உன் வீட்டுக்காரரின் உடம்பைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தாய். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதத்தின் மீதி முழுக்க என் தொடர்கதை பற்றி. பூதம் பிடித்துக்கொண்டு போன அப்பாவைத் தேடிக் கல்குவாரிக்குள் இறங்கும் சிறுமி, கடைசி அத்தியாயத்தில் அவரைப் பிணமாகப் பார்க்கக்கூடாது, அவர் கண்விழிக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் பத்திரிகையில் வராது என்கிறாய். பத்து வயதுப் பிள்ளைகள் தாங்கமாட்டார்களாம். ஒரு பையன் பயத்தில் பாயை நனைத்தானாம். பாவம்தான். பூதம் எலும்பைக் கடிக்கும் சத்தத்தை அடித்துவிடு, அது நான் ஜம்பத்துக்கு எழுதியது. அப்பாவை மட்டும் எழுப்பமாட்டேன்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் கன்னத்தில் வேல் குத்தி வருகிறவர்களைப் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டே பார்க்கிறார்கள். அவர்களிடம் எதை மறைக்கச் சொல்கிறாய்?

என் வீட்டுக்காரர் இறந்தபோது ஹரீஷுக்கு எட்டு வயது. அவனைக் கனகம்மாசத்திரத்தில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் முடித்தார்கள். அவன் நைனா வேலையாக வடக்கே போயிருக்கிறார் என்றார்கள். காரியத்தன்று அவனுக்கும் மொட்டையடித்து, சாமிக்கு வேண்டுதல் என்றார்கள். தெருவெல்லாம் மொட்டைத் தலையாக இருக்கும் ஊரில் யார் கேட்கப்போகிறார்கள்? அவனே கேட்டான். சாமி மொட்டைன்னா சந்தனம் பூசுவாங்களே, எனக்கு மட்டும் ஏம்மா பூசல என்று கேட்டான். நான் உண்மையைச் சொன்னேன். நடுங்கினான், அழுதான், என் மடியிலேயே தூங்கினான். அதற்கு முன்னால் அத்தனை நாளும் அவன் தனியாகப் பயந்துகொண்டிருந்தான், பார்கவி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அவனுக்குப் பதினொன்று. நீ கேட்ட முடிவைச் சொன்னதும் முறைத்தான். அந்தப் பொண்ணு அவ்ளோ தூரம் பயந்துகினு போனது பொய் கேக்கவா என்றான். என் கதையில் அவள் அழுதுகொண்டே குவாரியிலிருந்து ஏறி வருகிறாள், வாசலில் அம்மா நிற்கிறாள். எவ்வளவு இருட்டை வேண்டுமானாலும் எழுதலாம், பிள்ளையை நடுவழியில் விட்டுவிட்டு வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கதையைத் திருப்பி அனுப்பு, வேறு பத்திரிகை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் உன் மகள் ஸ்வர்ணாவை மணவூரில் உன் அக்கா வீட்டில் விட்டிருப்பதாகவும், அப்பா டூர் போயிருக்கிறார் என்று சொல்லியிருப்பதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதை நான் விடமாட்டேன். அவளுக்கும் பத்து வயதுதானே? அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிகிறபோதே அவளை அழைத்துப் போ. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ போகாவிட்டால், நானே ரயிலேறி மணவூர் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பேன். என்னைத் திட்டு, பேசாமல் இரு, எதுவானாலும் சரி. அவளை மட்டும் உள்ளே விடு.

முருகன் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் தோழி,
வரலட்சுமி