அண்ணன் விற்கும் பொக்லைன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பைக் சாவியைத் தேடாதீர்கள். அண்ணன் ஷெட்டுக்குப் போகிறேன்.

பத்து மணிக்குப் பொக்லைன் பார்க்க வருகிறோம் என்று அவனுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டீர்களே! பழைய வண்டியைச் சொல்லிவிட்டா போய்ப் பார்ப்பார்கள்? முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் செத்த இன்ஜினும் சாவி போட்டதும் கிளம்பும். பத்து மணிக்குச் சற்று முன்னாடி போய் இன்ஜின்மேல் கை வைத்துப் பார்க்கிறேன்.

"மச்சான் என்னைப் போய் ஏமாத்துவாரா?" என்று நேற்று கத்தினீர்கள். அவனோடு கூடப் பிறந்தவள் நான்.

அவன் ஆள் வந்தால் டீ கொடுங்கள், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அது வீடு விற்ற பணம்.

பின்குறிப்பு: இன்ஜின் சில்லென்று இருந்தால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சூடாக இருந்தால் பணம் தப்பும், எனக்கு அண்ணன் இல்லாமல் போவான். சில்லென்றே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.